நீர் கேட்காத புல்

மழை இல்லையேல் புல்லும் இல்லை என்பது வள்ளுவர் கருத்து. மழையே வேண்டாத புல்லையும் மனிதன் செய்துவிட்டான்! அதை வீட்டு முற்றத்தில் விரிக்கலாமா, கூடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் எட்டே ஆண்டுகளில் இக்கேள்விக்கு இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது.

பிளாஸ்டிக் புல் முதலில் புகழ் பெற்றது விளையாட்டரங்கில்தான். ஹூஸ்டன் நகரில் 1965இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் அரங்கின் கூரை வழியே பாய்ந்த வெயில் ஆட்டக்காரர்களின் கண்களைக் கூசச் செய்தது. கூரைக்கு வண்ணம் பூசினர். வெளிச்சமின்றிப் புல் மடிந்தது. 1966இல் அங்கே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. பின்னர் அது வீடுகளுக்கும் வந்தது. சில நகராட்சிகள் வீட்டின் முன்புறத்தில் அதை விரிக்கத் தடை விதித்தன.

அப்போது வந்தது கடும் வறட்சி. 2015 ஏப்ரலில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், நகரங்களின் நீர்ச்செலவை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். அதே ஆண்டில், வீடுகளில் செயற்கைப் புல்லை எந்த நகராட்சியும் தடை செய்யக்கூடாது என்று மாநிலமே சட்டம் இயற்றியது. ஆபத்துக்குப் பாவமில்லை அல்லவா? ஆனால், 2023இல் மற்றொரு சட்டம் வந்தது. தடை செய்யும் உரிமை உள்ளாட்சி மன்றங்களுக்கே மீண்டும் கிடைத்தது.

பின்னதே சரி என்பது என் கருத்து. உயிருள்ள புல் தன் ஈரத்தால் தரையைக் குளிர்விக்கிறது. பிளாஸ்டிக் புல்லோ வெயிலில் கொதிக்கிறது. தேய்ந்து உதிரும் துகள்கள் மழைநீரோடு ஓடுகின்றன. சில ஆண்டுகளில் அது கிழிந்து குப்பையாகிறது. "என் வீடு, என் முற்றம், என் பணம்" என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அந்த வெப்பமும் துகளும் அவர் வீட்டு மதிலோடு நின்றுவிடுமா? குப்பையை அள்ளுவதும், கால்வாயைத் தூர்வாருவதும் நகராட்சியின் வேலை என்றால், அதுபற்றி விதி செய்யும் உரிமையும் நகராட்சிக்கு வேண்டாமா?

எனினும் இரண்டு நியாயங்களை மறக்கலாகாது. வறட்சிக் காலத்தில் அரசின் சொல்லை நம்பிப் பணம் செலவழித்தவரை இன்று தண்டிப்பது அறமன்று. தடை இனி விரிப்பவருக்கே பொருந்த வேண்டும். அடுத்து, பிளாஸ்டிக்கைத் தடுத்துவிட்டுப் பழையபடி குடம் குடமாய் நீர் குடிக்கும் புல்வெளிக்கு மக்களைத் திருப்பக் கூடாது. சிறிது நீரில் வளரும் அந்த மண்ணின் செடிகள் இருக்கின்றன. அவற்றைத் தடுக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிமை இல்லை என்று 2023ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. நல்ல வழி அதுவே.

நண்பர்களே, பஞ்சத்தில் செய்த சட்டத்தைப் பஞ்சம் தீர்ந்தபின் எடுத்துப் பார்த்து, தவறு கண்டால் திருத்தும் துணிவு ஆள்வோர்க்கு வேண்டும். கலிபோர்னியா அதைச் செய்திருக்கிறது. பாராட்டுவோம்!