மியான்மர் விவகாரத்தில் ஆசியான்: எங்கள் நிலைப்பாடு

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் கூடிய ஆசியான் தலைவர்கள், ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கையும் உடன் வைத்துக்கொண்டு ஐந்து அம்ச உடன்பாட்டை அறிவித்தார்கள். வன்முறையை உடனே நிறுத்துவது அதன் முதல் அம்சம். சில நாட்களிலேயே ராணுவ அரசு, நிலைமை சீரான பிறகு அதைப் பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டது. நிலைமையைக் குலைத்தவர்களே இப்படிச் சொன்னதை ஆசியான் அன்றே மறுத்திருக்க வேண்டும்.

அண்டை நாட்டுச் சிக்கலில் பிராந்திய அமைப்பு முதலில் பேசுவதை நாங்கள் வரவேற்கிறோம். ஐ.நா. சாசனத்தின் எட்டாம் அத்தியாயமும் அதற்கு இடம் தருகிறது. ஆசியானை வெறும் பேச்சு மடம் என்று கேலி செய்வோருடன் நாங்கள் சேரவில்லை. இந்தோனேசியாவும் மலேசியாவும் மோதலை முடித்துக்கொண்ட மறு ஆண்டே, 1967-இல், அவ்விரு நாடுகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது அது. பிறர் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற விதி அவற்றுக்கிடையே நம்பிக்கையைக் காத்தது. ஆனால் நாடுகளுக்கிடையே சண்டை மூளாமல் தடுக்கப் பிறந்த விதி, சொந்த ஊர்கள்மீதே குண்டு வீசும் அரசுக்குக் கேடயமாகிவிட்டது.

எங்கள் முதல் கோரிக்கை, ஐந்து அம்ச உடன்பாட்டின்படி ஆசியான் நியமிக்கும் சிறப்புத் தூதர் பற்றியது. ஆசியான் தலைமை ஆண்டுதோறும் மாறுகிறது. அதோடு தூதரும் மாறுகிறார். புருனேயின் எரிவான் யூசோஃப் நியமிக்கப்பட்டதே ஆகஸ்ட் 2021-இல்தான். ராணுவம் சிறைவைத்த தலைவர் ஆங் சான் சூச்சியைச் சந்திக்க அனுமதி கிடைக்காததால் அவர் மியான்மர் பயணத்தை ரத்து செய்தார். அதையொட்டி அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு மின் ஆங் லைங்கை அழைக்காமல் விட்டார்கள். ஆசியான் எடுத்த உருப்படியான முடிவுகளில் அது ஒன்று. அடுத்த ஆண்டு தலைமை வகித்த கம்போடியாவின் ஹுன் சென் நேரில் போய்ப் பேசினார், கடிதமும் எழுதினார். ஆனாலும் 2022 ஜூலையில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபியோ சேயா தோ உள்ளிட்ட நால்வருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2023-இல் இந்தோனேசியா ஆரவாரமில்லாமல் எதிர்த்தரப்பினர் பலருடனும் பேசியது. ஆண்டு முடிந்ததும் பொறுப்பு லாவோஸுக்குப் போனது. தளபதிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? டிசம்பர் வரை பொறுத்தால் போதும்.

தூதரின் பதவிக்காலம் குறைந்தது மூன்று ஆண்டுகளாக இருக்க வேண்டும். அவருக்குத் தனி அலுவலகம் வேண்டும். ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசையும் இன ஆயுதக் குழுக்களையும் ராணுவத்தின் அனுமதிக்குக் காத்திராமல் சந்திக்கும் அதிகாரம் வேண்டும்.

நிவாரணத்துக்கும் ராணுவத்தின் அனுமதி என்ற இதே தடைதான். அந்தப் பொறுப்பு ஜகார்த்தாவிலுள்ள ஆசியான் பேரிடர் உதவி மையத்திடம் இருக்கிறது. உறுப்பு நாட்டு அரசு வழியாக வேலை செய்வதற்கென அமைந்த மையம் அது. ராணுவத்தின் பிடியில் இல்லாத பகுதிகளுக்குத் தாய்லாந்து எல்லை வழியாகவும் மிசோரம் வழியாகவும் உதவி போக வேண்டும். மியான்மருடன் 1,643 கிலோமீட்டர் எல்லை கொண்ட இந்தியா இதற்கு வழிவிட வேண்டும்.

ஒருமித்த கருத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஒருமித்த கருத்து எட்டப்படாவிட்டாலும், சாசனம் கடுமையாக மீறப்பட்டாலும் உச்சி மாநாடு முடிவெடுக்கலாம் என்று ஆசியான் சாசனத்தின் 20-ஆம் பிரிவே சொல்கிறது.

ஐ.நா. பாதுகாப்பு அவையும் ஆசியானின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. 2022 டிசம்பரில் நிறைவேறிய 2669-ஆம் தீர்மானம் ஐந்து அம்ச உடன்பாட்டை ஆதரித்து, வன்முறையை நிறுத்தக் கோரியதோடு சரி. அதற்கும் சீனா, ரஷ்யா, இந்தியா வாக்களிக்கவில்லை. ராணுவத்துக்கு ஆயுதமும் விமான எரிபொருளும் போவதைத் தடுக்க, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஆணை தேவை. அதைப் பிறப்பிக்கும் அதிகாரம் ஆசியானுக்கு இல்லை, பாதுகாப்பு அவைக்கு இருக்கிறது.