வண்ணத்துக்கும் எடை உண்டு



அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி ராக்கெட் செய்பவர்கள் கடைசி நாள் இரவில் என்ன செய்கிறார்கள்? மூட்டுகளில் பசையைத் தாராளமாக அப்புகிறார்கள். கையில் உள்ள வண்ணத்தையெல்லாம் பூசுகிறார்கள். உறுதியாகவும் பளபளப்பாகவும் இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். காட்சிப் பொருளுக்கு அது பொருந்தும். பறக்க வேண்டிய ராக்கெட்டுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

அமெரிக்க விண்வெளி ஓடத்தைப் பாருங்கள். 1981-இல் நடந்த முதல் இரு பயணங்களில் அதன் வெளிப்புற எரிபொருள் தொட்டி வெண்ணிறமாக இருந்தது. 1982 மார்ச்சில் நடந்த மூன்றாம் பயணம் முதல், பூச்சு இல்லாமல் செம்மஞ்சள் நிற நுரைக் காப்புடனேயே அது பறந்தது. வெள்ளைப் பூச்சு தேவையில்லை என்று கண்டதும் அதை விட்டுவிட்டார்கள். அதனால் குறைந்த எடை ஏறத்தாழ 270 கிலோகிராம்!

மாதிரி ராக்கெட்டில் கணக்கு கிராமில்தான். ஆனால் கணக்கு ஒன்றே. இந்தப் பொழுதுபோக்கு 1950-களில் அமெரிக்காவில் தோன்றியது. அட்டைக் குழாய், பால்சா மரத் துடுப்புகள், தொழிற்சாலையில் செய்த சிறு உந்துபொறி ஆகியவையே இதன் உறுப்புகள். 'ஏ8-3' என்னும் பொறியில், 8 என்பது சராசரி உந்துவிசை 8 நியூட்டன் என்பதைக் குறிக்கும். 3 என்பது, எரிபொருள் தீர்ந்து 3 விநாடிக்குப் பின் பாராசூட் வெளியே தள்ளப்படும் என்பதைக் குறிக்கும்.

ஏவும்போது ராக்கெட்டின் நிறை 40 கிராம் என்று கொள்வோம். விசையை நிறையால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கழித்தால், காற்றுத் தடை நீங்கலாக முடுக்கம் சுமார் 190 மீ/வி². நிறை 50 கிராமானால் அது 150 ஆகிவிடும். பத்தே கிராமில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! இழப்பு உயரத்தோடு நிற்பதில்லை. கனத்த ராக்கெட் முன்னதாகவே உச்சியை அடைந்து விழத் தொடங்கும். வேகமாக விழும்போது பாராசூட் திறந்தால் அது கிழியக்கூடும்.

எடை எங்கே சேர்கிறது என்பது இன்னும் முக்கியம். ராக்கெட் நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம் காற்றின் அழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஈர்ப்பு மையம் மூக்கு நுனியிலிருந்து 25 செ.மீ. தொலைவில் உள்ளதாகக் கொள்வோம். 38 செ.மீ. தொலைவில் உள்ள துடுப்புகளில் 2 கிராம் பசையைக் கூடுதலாக அப்பினால், மையம் பின்னால் நகரும். அதை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவர, மூக்கில் 5 செ.மீ. தொலைவில் 1.3 கிராம் வைக்க வேண்டும். ஆக, 2 கிராம் 3.3 கிராமாக வளர்ந்துவிட்டது. சரிசெய்யாமல் விட்டால் ராக்கெட் திசைமாறி, பார்த்து நிற்பவர்கள் மேலேயே பாயக்கூடும்.

"அப்படியானால் துடுப்பைத் தேய்க்காமல், பூசாமல் விட்டுவிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. பால்சா மரத்தின் சொரசொரப்பு காற்றுத் தடையைக் கூட்டும். மெல்லிய பூச்சுப் பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால், நுண்குழிகளில் உள்ள பூச்சு தங்கும், மிகுதி நீங்கும். மேற்பரப்பு வழவழப்பாகும், எடையும் அதிகம் கூடாது. எடையை அளவுமீறிக் குறைப்பதும் நல்லதன்று. பஞ்சுருண்டையையும் கூழாங்கல்லையும் மேல்நோக்கி எறிந்து பாருங்கள். இலேசான பஞ்சைக் காற்று உடனே நிறுத்திவிடுகிறது. ஆகவே 'குறைந்த எடை' அல்ல, 'காரணமுள்ள எடை' என்பதே நம் குறிக்கோளாக இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல தராசும் குறிப்பேடும் போதும். ஒவ்வொரு உறுப்பையும் ஒட்டுவதற்கு முன் நிறுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்தபின் மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் காரணத்தை எதிரே எழுதுங்கள். காரணம் எழுத முடியவில்லையா? அந்தப் பூச்சு அடுத்த ராக்கெட்டில் வேண்டாம்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். உந்துபொறியையோ எரிபொருளையோ வீட்டில் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. உங்கள் திறமையைக் காட்டப் பசைப் புட்டியும் உப்புத்தாளும் தராசும் போதும்.