பசுவும் நாயும்

சேலம், நாமக்கல் சமவெளியில் பசுவின் பருவம் அறியாத உழவர் அரியர். 21 நாளுக்கொருமுறை அது சினைப்பருவம் எய்தும். பருவந் தணிந்து ஓரிரு நாளிற் சில பசுக்களிடம் சிறிது குருதி தோன்றின், காலங் கடந்ததென்பர். அவ்வறிவையே நாய்க்கும் பொருத்துவதால் விளையுங் கேடு பெரிது.

மகளிர்க்குக் கருவுறாத கருப்பையின் உட்படலம் உதிர்வதே குருதியாகும். பெண் நாய்க்கோ அது சினைப்பருவம் அணுகுவதன் குறி. ஏறக்குறைய 9 நாள் கசிந்து, நிறம் வெளிறியபின் வரும் அத்துணை நாட்களே பெரும்பாலும் சூல்கொள்ளுங் காலம். “தீட்டுக் கழிந்தது” என்று கட்டவிழ்ப்பது அந்நாளிலன்றோ! ஏறக்குறைய 63 நாளிற் குட்டிகள் பிறக்கும். பின்னர் அவை சாக்கிற் கட்டப்பெற்றுச் சாலையோரஞ் சேரும். எறிந்தவரைக் கொடியரென்கிறோம், அக்கொடுமைக்கு அறியாமையும் பங்காளியே. (பூனையின் இயல்பு பின்னும் வேறு, பொதுவாகக் கலவியின்றி அதற்குக் கருமுட்டை வெளிப்படாது.)

முதுமையில் நாய்க்குத் தானே ஓயுமென்பாரும் உளர். மகளிர்க்குள்ள அவ்வோய்வு நாய்க்கு இல்லை.

1985 முதல் நாமக்கல்லிற் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தும் இச்செய்தி நம் தெருக்களுக்கு எட்டவில்லை. விலங்கியல் பயிலும் நம் மாணவர் விடுமுறையிற் சென்று, குருதி கண்ட நாள்தொட்டு 4 வாரம் நாயை அடைத்துவைக்கவும், குட்டி வேண்டாதார் மருத்துவரிடங் கருத்தடை செய்விக்கவும் வீடுதோறும் எடுத்துரைப்பாராக.