கோப்பைக்குக் கொடுக்கும் மாலை

"ரசிகன் கேட்டதைக் கொடுப்பவன்தான் கலைஞன்; கொஞ்சம் போதை இருந்தால்தான் கற்பனை பொங்கும்." பினாங்கு ஜார்ஜ்டவுனில் கவிஞர் கண்ணதாசனைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால், அதில் ஒருவர் இதைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்குவதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன மாதம் பேசியவர் மூன்று ஆதாரம் வேறு அடுக்கினார். வரிசையாகவே பார்த்துவிடுவோம்.

முதலாவது, வாசகரே எசமானாம். களங்கப்பட்ட மகளைத் தாய் மன்னித்து ஏற்கும் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது எசமானர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அந்தத் தாய் மன்னிக்காமல் போயிருந்தால் மகள் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு நாவலே எழுதிக் காட்டினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இந்த வாதத்துக்கு இதற்கு மேல் மை செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது, நம்மூர்ப் பிள்ளை, மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி. மக்கள் கேட்டதைக் கொடுத்தே உயர்ந்தாராம். 1957 முதல் 1961 வரை நாலு 'பூஜாங் லாப்போக்' படங்கள், சிரித்தார்கள், உண்மைதான். 1964-இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போன பிறகு எடுத்த படங்களை அதே ரசிகர்கள் சிங்கப்பூர்ப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மலாய் இளைஞனும் இந்தியப் பெண்ணும் காதலித்து மணக்கும் 'கெரிமிஸ்' 1968-இல் வந்தது. மேடையில் அதன் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. 1973-இல் 44 வயதில் போய்ச் சேர்ந்தார். பிறகு எசமானர்கள் சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ஆகவே ஆகாதது: "மது இல்லையேல் கண்ணதாசன் இல்லை." கவிஞர் குடித்தார்; அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் கவிதை பாட்டிலிலிருந்து ஊற்றியதா? சிறுகூடல்பட்டியில் பிறந்து எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையன் கம்பனையும் பட்டினத்தாரையும் சித்தர்களையும் படித்துத் தீர்த்தானே, அந்தக் கணக்கை யார் எழுதுவது? இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டை வாசிக்க, இவர் வரி வரியாகச் சொல்ல, உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். மெட்டின் அளவுக்குள் சொல் பிசகாமல் உட்கார வேண்டும். அது தெளிந்த காதும் பல்லாண்டுப் பயிற்சியும் செய்கிற வேலை.

போதைதான் கற்பனை என்றால் மலேசியத் தமிழன் இந்நேரம் உலக இலக்கியத்தையே குத்தகைக்கு எடுத்திருக்க வேண்டும். தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. பின்னால் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. எத்தனை காவியம் பிறந்தது? பிறந்ததெல்லாம் கடனும், வீங்கிய ஈரலும், அடிபட்ட மனைவியும்தான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சம்சுவை எதிர்த்து இயக்கம் நடத்தியது காவியங்கள் பெருகிவிட்டன என்ற கவலையிலா?

உண்மையில் கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டது ரசிகர்கள்தான். 1963-இல் 'ரத்தத் திலகம்' படத்தில் கவிஞரே திரையில் தோன்றிய 'ஒரு கோப்பையிலே என் குடியிருப்பு' பாட்டை இன்றைக்கும் லிட்டில் இந்தியாவில் உரக்கப் போடுகிறார்கள். அவருடைய 'சேரமான் காதலி' நாவலைப் படித்தவர் கை தூக்குங்கள் என்றால் மண்டபம் அமைதியாகிவிடும். அதுவும் சாகித்திய அகாதெமி விருது பெற்றதுதான், 1980-இல். கைதட்டலும் ஒரு போதைதான். குடிகாரக் கவிஞன் என்ற வேடத்துக்குக் கைதட்டல் விழுந்துகொண்டே இருந்தால் எந்தக் கவிஞன் அதைக் கழற்றுவான்? அவரோ தன் வாழ்க்கையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாம் அதை விளம்பரமாக்கிவிட்டோம்.

விழா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டில் கதை சொல்ல வருகிறவருக்கு மாலை போடாதீர்கள். கவிஞரின் தன்வரலாறான 'வனவாசம்' நூலிலிருந்து பத்துப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோ மருத்துவமனையில் கண்ணதாசன் இறந்தபோது அவருக்கு வயது 54. எழுதாமல் போனவை எத்தனை என்று கைதட்டியவர்கள் கணக்குச் சொல்லட்டும்.