ராத்திரி ஆனாலும் ஜெயில் கதவு திறக்க வேண்டும்!



மறியலுக்குப் போனால் கைது உண்டு. அது நமக்குப் புதுசில்லை. வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டு விடுவார்கள். ஆனால் நாலைந்து பேரை மட்டும் தனியே பிரித்து 'ரிமாண்ட்' என்பார்களே, அந்த ராத்திரியைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

போன மறியலில் நம்மவர்கள் ஐந்து பேரை மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர் செய்தபோது இரவு மணி ஒன்பதரை. அவர் கையெழுத்துப் போட்டு விட்டார். கிளைச் சிறை வாசலுக்குப் போனால், "லாக்கப் அடைச்சாச்சு, காலையில கொண்டாங்க" என்று பதில். அப்புறமென்ன, விடிய விடிய வேன்தான். அதில் ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். மாத்திரை கிடையாது. ஒன்றுக்குப் போகவும் போலீஸ்காரர் மனசு வைக்க வேண்டும். எஸ்கார்ட் வந்த ஏட்டும் பாவம், அவரும்தான் கொசுக்கடியில் கிடந்தார்.

இது வெறும் சிரமம் இல்லை. கைதான ஆளை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் உத்தரவில்லாமல் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம் 22(2). அவர் 'நீதிமன்றக் காவல்' என்று எழுதிய பிறகு, ஜெயிலுக்குக் கொண்டு போகிற நேரம் மட்டும்தான் ஆள் போலீஸ் கையில் இருக்கலாம். கதவு அடைத்ததால் கூடுகிற அந்தப் பத்து மணி நேரம் யார் கணக்கு? அதில் அடி விழுந்தால் யார் பொறுப்பு? ஜெயிலில் சேர்க்கும்போது உடம்பில் காயம் பார்த்து எழுதுகிற ரிஜிஸ்டர்தான் ஏழைக்கு சாட்சி. அதையும் டாக்டர் நேரில் பார்த்து எழுத வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்து அப்பாவையும் மகனையும் கோவில்பட்டி கிளைச் சிறையில்தான் அடைத்தார்கள். சில நாளில் ஒருவர் பின் ஒருவராக இருவரும் செத்தார்கள். கதவு திறந்தால் மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும்.

"ராத்திரி ஜெயில் திறந்தா போலீஸுக்குத்தானே வசதி?" என்று நம் சங்கத்திலேயே கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கதவு மூடியிருப்பதால் எந்த ராத்திரி கைது நின்றது?

எண்ணி அடைத்த பிறகு அறையைத் திறப்பது ஆபத்து, ஆளும் பற்றாது என்பார்கள் ஜெயில்காரர்கள். உள்அறையைத் திறக்கச் சொல்லவில்லை நாம். வாசலை ஒட்டி ஓர் அறை, ராத்திரிக்கு ஒரு வார்டர், கூப்பிட்டால் வர ஒரு டாக்டர். பெரியாஸ்பத்திரி ராத்திரியில் மூடுகிறதா? மும்முனை கரண்டை நடுச்சாமத்தில் விட்ட காலத்தில் நாம் டார்ச் லைட்டோடு மோட்டார் போடப் போகவில்லையா?

அடுத்த மறியலுக்கு வருகிறவர்கள் மாத்திரையையும் வக்கீல் போன் நம்பரையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வேன் ஜெயில் வாசலுக்குப் போன மணி, கதவு திறந்த மணி இரண்டையும் குறித்து வாருங்கள். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவோடு அந்தக் கணக்கையும் சேர்க்கிறோம்.