மேனேஜர் ஆண்டை அல்ல

"அண்ணே, மேனேஜர் கிடைச்சிட்டாரு. இனி எல்லாம் அவரே பார்த்துக்குவாரு" என்றான் கானா பாடும் தம்பி ஒருவன். ஒப்பந்தத்தைப் படித்தாயா என்று கேட்டேன். இல்லையாம்.

'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. 2021-இல் அந்தப் பாட்டைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. ஊரறிந்த கலைஞருக்கே இந்த நிலை. தாளைப் படிக்காத தம்பிக்கு?

தோழர்களே, மேனேஜர் நம் வருமானத்தில் பங்கு வாங்கி நமக்காக வேலை செய்பவர். சதவீதம், காலம், கணக்கு, பெயர் நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பாட்டெழுதியவரின் ராயல்டி பங்கை எந்த ஆடியோ கம்பெனியும் எழுதி வாங்க முடியாது என்கிறது 2012-இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் செல்லும்.

கொடுத்ததை வாங்கிக்கொண்டு பறையடித்தார்கள் நம் தாத்தாக்கள். நாம் கணக்குக் கேட்போம்.

ஜெய் பீம்!