வாலிபர் முன்னேற்றமா, வாலிபர் ஏற்றுமதியா?

2025 ஆகஸ்ட் 29-ந் தேதி டோக்கியோ நகரில் இந்திய, ஜப்பானியப் பிரதம மந்திரிகள் ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். ஐந்து வருஷத்தில் இரு தேசங்களுக்கிடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டுமாம். அதில் தொழில் தெரிந்தவர்களும் கற்கக் கூடியவர்களுமாக 50,000 இந்தியர்கள் ஜப்பானுக்குப் போவார்களாம். சர்வதேச ஒத்துழைப்பு, இளைஞர் திறன் வளர்ச்சி என்றெல்லாம் இதற்குப் பெயர் சூட்டப்படுகிறது.

அன்னிய தேசம் போய்த் தொழில் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. மில் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் நாலு தேசத்து மெஷினைத் தொட்டுப் பழக வேண்டியவர்கள்தான். 1955-ல் ஒப்பந்தமாகி பிலாய் உருக்காலை எழுந்தபோது, இந்திய வாலிபர்கள் சோவியத் ஆலைகளில் பயிற்சி பெற்று வந்து இங்கே உலையை நடத்தினார்கள். அதுவும் ஒத்துழைப்புதான். போகிறவன் தொழிலோடு திரும்புவானா, கடனோடு கட்டுண்டு கிடப்பானா என்பதே நம் கேள்வி.

ஜப்பான் கதையையே பார்ப்போம். 1993-ல் அந்த நாடு அன்னிய வாலிபர்களுக்கென ஒரு தொழில் பயிற்சித் திட்டம் தொடங்கியது. வளரும் நாட்டு வாலிபர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவது என்பது காகிதத்தில் இருந்த நோக்கம். நடைமுறையில், உள்ளூரில் ஆள் கிடைக்காத பண்ணைக்கும் கட்டிட வேலைக்கும் சிறு பட்டறைக்கும் மலிவான கைகள் கிடைத்தன. எந்த முதலாளியிடம் சேர்ந்தானோ அவனை விட்டு மூன்று வருஷம் மாற முடியாது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தவன் என்ன செய்வான்? 2023-ல் மட்டும் 9,753 பேர் வேலையிடத்தை விட்டு ஓடி மறைந்தார்கள். தொழில் படிக்க வந்தவன் ஏன் ஓடுகிறான்? தொழிற்சங்கங்களும் வக்கீல்களும் வருஷக்கணக்காக இதைக் கேட்ட பிறகு, 2024 ஜூனில் ஜப்பான் பார்லிமெண்ட் அத்திட்டத்துக்கு முடிவு கட்டச் சட்டம் செய்தது. அதன்படி 2027-ல் வரவேண்டிய புதுத் திட்டத்தில், ஒன்றிரண்டு வருஷத்துக்குப் பின் அதே தொழிலில் வேறு முதலாளியிடம் மாறலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. பழைய திட்டத்தில் நம் சர்க்கார் கையெழுத்திட்டது 2017-ல்.

செட்டிநாட்டுக்கு இது புதிய பாடமல்ல. காரைக்குடி வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். லேவாதேவிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, மூன்று வருஷக் கெடு முடித்துத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் மூழ்கியபின், 1937-ல் அது 25 பங்கு. பர்மியக் குடியானவனுக்கு நிலம் போயிற்று. பெட்டியடிப் பையனுக்குத் தேக்குத் தூண் கிடைக்கவில்லை.

அதே நாளில் தென் ஜில்லாக் கூலிகள் நாகப்பட்டினம் டிப்போ வழியாக மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆள் பிடித்த கங்காணிக்குத் தலைக்குப் பணம். 1938-ல் தோட்ட முதலாளிகள் கூலியை வெட்டியதும், கூலியாட்களை அனுப்புவதையே இந்திய சர்க்கார் நிறுத்தியது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து சர்க்காருக்கே அந்த ரோஷம் இருந்தது!

தஞ்சைச் சீமையில் பிறந்து சிறு பையனாகக் கடல் கடந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷார் அவரைத் தூக்கிலிட்டார்கள். முடிவெடுக்கும் இடங்களில் வாலிபருக்குப் பங்கு வேண்டும் என்று ஐ.நா. சபை 1995-ல் ஒரு செயல்திட்டம் வகுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் சாந்துச் சட்டி தூக்குகிறவன் சங்கம் சேர்ந்து பங்கு கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கணபதியே சாட்சி.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 1983-ம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டமும் அதன் விதிகளும் ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு கட்டின. கிராமத்தில் கேட்கப்படும் தொகையோ லட்சத்தில் ஆரம்பிக்கிறது, ரசீது கிடையாது. அரபு நாடுகள், மலேசியா முதலிய இடங்களுக்குப் போகும், பத்தாவது தேறாதவர்களுக்கு சர்க்காரின் அனுமதியும் 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் கட்டாயமாக்கப்பட்டன. சிங்கப்பூரும் ஜப்பானும் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆகவே நாம் கேட்பது இது. ஆளெடுப்பு 1978-ல் ஏற்பட்ட தமிழ்நாடு சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கழகத்தின் வழியாக நடக்கட்டும். காரைக்குடி, சிவகங்கை வட்டாரத்து ஐ.டி.ஐ.களில் ஜப்பான் பாஷையை இலவசமாகச் சொல்லிக் கொடுக்கட்டும். வேலை ஒப்பந்தம் தமிழில் கைக்கு வரவேண்டும். முதலாளியை மாற்றும் உரிமையும் சங்கம் சேரும் உரிமையும் அதில் எழுதப்பட வேண்டும். இரு சர்க்கார்களும் கூடிப் பேசும் கமிட்டியில், அங்கே வேலை செய்து திரும்பிய தொழிலாளிகளுக்கு இடம் வேண்டும்.

கிளைத் தோழர்கள் இப்போதே கிராமம் கிராமமாகப் போய், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைக் கண்டு, யார் எவ்வளவு கொடுத்தார்கள், சொன்ன கூலி என்ன, கைக்கு வந்தது என்ன என்று எழுதி வாங்க வேண்டும். கலெக்டர் ஆபீசுக்குக் கொடுக்கும் மனுவோடு அந்தக் கணக்கும் போகட்டும்.